லயத்துக் கூரையும் சூரிய சக்தியும்

ஒரு சொல் எவருடைய வாயிலிருந்து பிறக்கின்றது என்பதைப் பொறுத்தே அதன் பொருளும் அமைகின்றது. ‘தூய சக்தி’ என்பது இன்று நம் காதில் அடிக்கடி விழும் சொல். நிலக்கரியை எரித்து மின்சாரம் பெறும் முறை ஒழிய வேண்டும், சூரியனும் காற்றும் நீரும் தரும் சக்தியே இனி உலகை இயக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் கூறுகின்றனர். இளைஞர் இயக்கங்கள் முழங்குகின்றன. அரசுகளும் மாநாட்டு மேடைகளில் உறுதிமொழி அளிக்கின்றன. இக்கோரிக்கை நியாயமானது என்பதில் எமக்கு ஐயம் சிறிதும் இல்லை. ஆயினும் பதுளையிலோ பசறையிலோ ஹப்புத்தளையிலோ உள்ள தோட்டத்து லயம் ஒன்றின் வாசலில் நின்று இச்சொல்லை உச்சரித்துப் பார்த்தால் அது என்ன பொருள் தருகின்றது? நம் சூழலியல் எழுத்தாளர்கள் பெரும்பாலும் கேட்காத கேள்வி இது. அதைக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இலங்கையில் நிலக்கரி வந்த கதையைச் சுருக்கமாக நோக்குவோம். புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் சீனக் கடனுதவியுடன் எழுந்தது நாட்டின் ஒரே நிலக்கரி மின் நிலையம். 300 மெகாவாட் வலுவுள்ள மூன்று தொகுதிகளில் முதலாவது 2011இலும் மற்றவை 2014இலும் இயங்கத் தொடங்கின. நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை அது தந்து வந்துள்ளது. அந்நிலையம் வருமுன்னரே அப்பகுதி மீனவரும் விவசாயிகளும், அருகேயுள்ள தலவில் புனித அன்னாள் திருத்தலத்தை எண்ணிக் கத்தோலிக்க மக்களும் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். அக்குரல் அன்று வெல்லவில்லை. காற்றில் பறந்து வரும் கரித்தூசியையும் சாம்பலையும் பற்றிய முறைப்பாடுகளே பின்னர் மிஞ்சின.

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரின் கதை இதனினும் கசப்பானது. 2006இல் யுத்தம் அவ்வூர் மக்களை வீடு வாசலை விட்டு விரட்டியது. அவர்கள் முகாம்களில் அகதிகளாக வாழ்ந்த காலத்திலேயே அவர்களது மண்ணில் 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் ஒன்று திட்டமிடப்பட்டது. இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் 2011இல் அதற்கெனக் கூட்டுக் கம்பனி அமைக்க உடன்பட்டன. ஊர் மக்கள் எதிர்த்தனர். சூழலியலாளர் துணை நின்றனர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. அங்கே நிலக்கரி மின் நிலையம் அமைக்கப்படமாட்டாது என 2016 செப்டெம்பரில் அரச தரப்பு நீதிமன்றில் அறிவித்தது. 2021 செப்டெம்பரில், புதிய நிலக்கரி நிலையங்களை அமைப்பதில்லை என ஐக்கிய நாடுகள் சபை அரங்கில் உறுதி பூண்ட நாடுகளின் வரிசையில் இலங்கையும் நின்றது. சாதாரண மக்களின் எதிர்ப்பு ஓர் அரசின் திட்டத்தை மாற்றிய அரிய நிகழ்ச்சிகளுள் சம்பூர் ஒன்று.

இவையெல்லாம் கடலோரத்துக் கதைகள். ஊவா மலைகளுக்கும் நிலக்கரிக்கும் என்ன தொடர்பு என வாசகர் வினவலாம். தொடர்பு உண்டு, அதுவும் இரத்தத் தொடர்பு போன்றது. இலங்கை மண்ணில் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றுகூட இல்லை. நுரைச்சோலையில் எரியும் ஒவ்வொரு துண்டும் அந்நிய நாட்டிலிருந்து கப்பலேறி வருவது; டொலர் கொடுத்து வாங்குவது. அந்த டொலர் எங்கிருந்து வருகின்றது? 2024இல் தேயிலை ஏற்றுமதி மட்டும் நாட்டுக்கு 140 கோடி டொலருக்கு மேல் ஈட்டித் தந்தது. எனவே, பசறை மலைச்சரிவில் அட்டைக் கடிக்கு நடுவே ஒரு பெண் பறித்துக் கூடையில் இடும் கொழுந்தின் ஒரு பகுதி, பல கைகள் மாறிக் கடைசியில் புத்தளத்துப் புகைபோக்கியிற் புகையாகின்றது. நிலக்கரி பற்றிய விவாதத்தில் அவளுக்கு இடமில்லை என்று யார் சொல்ல முடியும்? பணம் கட்டுபவளே அவள்தான்.

அப்புகை திரும்பி வந்து அவளையே தாக்குகின்றது. காற்று வெப்பமடைய மேகங்கள் கூடுதலான நீரைச் சுமக்கின்றன. பெய்தால் பேய்மழை, பொய்த்தால் நெடுவரட்சி என்றாகின்றது காலநிலை. வரட்சியிற் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் நிறை குறையும். நிறை குறைந்தால் அரைப்பேர். மழை மிகுந்தாலோ மலையே சரிகின்றது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண் மூடியதை நாம் மறந்துவிடவில்லை. அவ்விடம் ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கோவையில் இருந்தது, மக்கள் லயத்தில் இருந்தனர். 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் நாட்டை உலுக்கியபோது 600 பேருக்கு மேல் மாண்டனர். அன்றும் பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களின் மலைச்சரிவுகள் பெரும் பலி கொண்டன. மலைக்காட்டை அழித்துக் கோப்பியும் பின்னர் தேயிலையும் நட்டவர்கள் இலாபத்தோடு போய்விட்டனர். காட்டின் வேர் பிடித்திருந்த மண் இன்று யார் தலைமேல் நிற்கின்றது என்பதே கேள்வி.

இத்தனை நெருங்கிய தொடர்பு இருந்தும் நம் சூழலியல் எழுத்துக்களில் இம்மக்கள் ஏன் காணப்படுவதில்லை? காரணத்தை அவ்வெழுத்துக்களின் நடையிலேயே காணலாம். ‘மனிதன் இயற்கையை அழித்துவிட்டான்’ என்று அவை தொடங்குகின்றன; ‘நாம் அனைவரும் குற்றவாளிகள்’ என்று தொடர்கின்றன; ‘நாம் அனைவரும் சிக்கனமாக வாழ்வோம்’ என்று முடிகின்றன. இந்த ‘மனிதன்’ யார்? இந்த ‘நாம்’ யார்? குளிரூட்டிய மாளிகையில் வாழ்பவனையும் ஒற்றை மின்குமிழின் கீழ்ப் பிள்ளையைப் படிக்க வைப்பவளையும் ஒரே எழுவாய்க்குள் அடக்கிவிடும் இலக்கணம் நேர்மையானதா? 2007இல் சிட்னி நகரில் தொடங்கிய, ஆண்டுக்கொருமுறை ஒரு மணி நேரம் விளக்கணைக்கும் நிகழ்ச்சி இன்று உலகெங்கும் விழாவாக நடைபெறுகின்றது. நல்லெண்ணத்தின் சின்னம் என அதை மதிக்கலாம். ஆனால், பல தலைமுறை குப்பி விளக்கிற் கழித்து அண்மைக் காலத்தில் வெளிச்சம் கண்ட லயத்துச் சிறுவனிடம் விளக்கை அணைக்குமாறு ஓர் ஆசிரியர் உபதேசிப்பாராயின், அந்த உபதேசத்திலே சமூக அறிவு இல்லை என்றே கூற வேண்டும்.

இவ்விடத்தில் நம் மலையக இலக்கியம் சூழலியலாளருக்கு ஆசானாகத் தக்கது. ஊவா மண்ணிற் பிறந்து, தாம் பணிபுரிந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் (1934–2022), ‘ஒரு கூடைக் கொழுந்து’ தந்த என். எஸ். எம். இராமையா முதலிய படைப்பாளிகள் தோட்டத்து வாழ்வை அதன் உள்ளிருந்தே எழுதினார்கள். மலையைத் தூர நின்று பார்த்து ‘என்னே பசுமை!’ என வியப்பவனுக்கும், அம்மலையிற் கூடை சுமந்து ஏறுபவனுக்கும் இயற்கை ஒன்றல்ல என்பதை மலையக எழுத்து நமக்கு உணர்த்திற்று. உழைப்பவன் கண்ணுக்கு மழை என்பது பிரட்டுக் களத்திற் பேர் கிடைக்குமா என்ற கவலை. பனி என்பது கம்பளி இல்லாத குழந்தையின் இருமல். இயற்கையை உழைப்போடு சேர்த்துக் காணும் இப்பார்வை நம் சூழலியல் இயக்கத்துக்கு இன்னும் கைவரவில்லை. கைவரும் வரை அதன் சொற்கள் மேடையிலேயே நின்றுவிடும்.

பார்வைக் கோளாறு எழுத்தோடு மட்டும் நிற்பதில்லை. திட்டங்களிலும் அது தலைகாட்டுகின்றது. நிலக்கரி அல்லாத மின்சாரமெல்லாம் தூயது எனக் கருதுவோர் உமா ஓயாவை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். வெலிமடைப் பகுதியிற் புஹுல்பொல, டயரபா ஆகிய இரு இடங்களில் அணை கட்டி, மலையைக் குடைந்த 15 கிலோமீற்றருக்கு மேற்பட்ட சுரங்க வழியால் நீரைத் தெற்கே திருப்பி, 120 மெகாவாட் மின்சாரமும் வரண்ட பிரதேசங்களுக்கு நீரும் பெறுவது அத்திட்டம். ஈரானியக் கம்பனி வேலையை நடத்தியது. புகையில்லை, சாம்பலில்லை, நீர்மின்சாரம்! ஆனால், 2014 டிசம்பரிலும் அதன் பின்னரும் மலையின் வயிற்றிலிருந்த நீர் சுரங்கத்தினுள் பீறிட்டது. பண்டாரவளையைச் சூழவுள்ள ஊர்களிற் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன, பயிர்கள் வாடின. 2017 ஜூனில் பண்டாரவளை நகரில் ஆயிரக்கணக்கானோர் வீதிக்கு இறங்கினர். எல்லாம் நடந்த பின் 2024 ஏப்ரல் 24இல் ஈரான் ஜனாதிபதி இப்ராஹீம் ரைசியும் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவும் திட்டத்தை விமரிசையாகத் திறந்துவைத்தனர். பாராட்டுரைகள் பல நிகழ்த்தப்பட்டன. வற்றிய கிணறுகளுக்கு மேடையில் இடமிருக்கவில்லை.

பெருந்திட்டங்களுக்குச் சூழல் தாக்க மதிப்பீடு வேண்டும், மக்கள் கருத்துரைக்க 30 நாள் அவகாசம் அளிக்க வேண்டும் என்கிறது 1988இல் திருத்தப்பட்ட சுற்றாடல் சட்டம். நல்ல சட்டந்தான். ஆனால், நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட தொழில்நுட்ப அறிக்கையை முப்பது நாளிற் படித்து விளங்கி ஆட்சேபிக்க வயலில் நிற்கும் விவசாயியாலும் மலையில் நிற்கும் தொழிலாளியாலும் இயலுமா? இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். சிங்கள விவசாயியின் கிணறும் தமிழ்த் தொழிலாளியின் பீலியும் ஒரே மலையின் நீரையே நம்பி இருக்கின்றன. மலை வற்றினால் இன வேறுபாடு பார்த்து வற்றுவதில்லை. இந்த எளிய உண்மையை அரசியல்வாதிகள் மறைத்துவிடுகின்றனர். உமா ஓயா அதை அம்பலமாக்கியது.

இந்த நோய் ஊவாவுக்கு மட்டும் உரியதன்று. 2025இல் மன்னார் மக்கள் தம் தீவிற் புதிய காற்றாலைகள் நிறுவப்படுவதை எதிர்த்துப் பல நாள் போராடினர். அதே ஆண்டில் திருகோணமலை முத்துநகர் விவசாயிகள், தாம் பயிரிட்டு வந்த நிலம் சூரிய மின் கம்பனிகளுக்குப் போவதை எதிர்த்துக் கொழும்பு வரை வந்து குரல் கொடுத்தனர். இவர்களையெல்லாம் முன்னேற்றத்தின் எதிரிகள் என ஏசுவது எளிது. ஆனால் இவர்கள் காற்றையோ கதிரவனையோ எதிர்க்கவில்லை; தம்மைக் கேளாமல் தம் மண்ணைக் கைக்கொள்வதையே எதிர்க்கின்றனர். நிலக்கரிக் கம்பனி இருந்த நாற்காலியிற் சூரியக் கம்பனி வந்து அமர்வது மட்டுமே மாற்றமாயின், புகை நீங்கியிருக்கும், சுரண்டல் நீங்கியிராது.

இனி, கூரையின் கதைக்கு வருவோம். ‘சூரிய பல சங்கிராமய’ என்னும் திட்டம் 2016 செப்டெம்பரில் தொடங்கப்பட்டது. சூரிய சக்திக்கான போராட்டம் என்பது அதன் பொருள். வீட்டுக் கூரையிற் சூரியத் தகடு பதித்து, தேவைக்கு மேற்பட்ட மின்சாரத்தை மின் வலையமைப்புக்கு வழங்கி வருவாய் பெறலாம் என்றார்கள். பெரும் அணையும் சுரங்கமும் இன்றி, ஒவ்வொரு வீடும் சிறு மின் நிலையமாகும் நல்ல யோசனை இது. ஆயின் அதற்கு மூன்று வேண்டும்: சொந்தக் கூரை, தன் பெயரில் மின் இணைப்பு, கையில் முதல் அல்லது கடன் பெறத் தக்க பிணை. தோட்டத் தொழிலாளியிடம் இம்மூன்றில் எது இருக்கின்றது?

லயம் என்பது என்ன? வெள்ளைத் துரைமார் காலத்திற் கட்டிய நீண்ட கொட்டில். பத்தடிக்குப் பன்னிரண்டடியான அறைகளின் வரிசை. பல குடும்பங்களுக்கு மேலே ஒரே தகரக் கூரை. நிலம் அரசுடையது; 1992 முதல் நிருவாகம் கம்பனிகளின் கையில். அந்த அறையிற் பிறந்து அந்த அறையிலேயே இறந்த தலைமுறைகளுக்கு அதன்மீது காணி உறுதி கிடையாது. மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். 1948இல் அவர்களது குடியுரிமை பறிக்கப்பட்டது. நெடும் போராட்டத்தின் பின் அது மீண்டது. காணியுரிமை இன்னும் முழுமையாக வரவில்லை. அண்மைக் காலத்தில் 7 பேர்ச்சஸ் நிலத்துடன் தனி வீடு பெற்றவர்கள் ஒரு பகுதியினரே. கூரையே தனக்குரியதல்லாதவனிடம் ‘கூரையிற் சூரிய சக்தி’ என்று சொல்வது பசித்தவனிடம் விருந்தின் சுவையை வருணிப்பது போன்றதாகும்.

அந்தக் கூரையின் கீழே எரிவது விறகு. பகலெல்லாம் கொழுந்து பறித்த பெண் மாலையில் விறகுச் சுமையோடு வீடு திரும்புகின்றாள். சாளரமற்ற சமையற்கட்டில் அந்தப் புகையையே சுவாசிக்கின்றாள். நுரைச்சோலைப் புகையை எழுதும் பேனா லயத்து அடுப்புப் புகையையும் எழுத வேண்டாமா? சக்தி மாற்றம் என்பது அவளுடைய சுவாசப்பையில் தெரியாவிடின் அது யாருக்கான மாற்றம்?

இத்தனையும் கூறுவது நம்பிக்கையிழந்து அன்று. மாற்று வழிக்கு இம்மலைகளிலேயே முன்னுதாரணம் உண்டு. தேசிய மின் வலையமைப்பு மலையேறி வருமுன், தோட்டத் தொழிற்சாலைகள் பல தம் எல்லைக்குள் ஓடும் அருவியைக் கொண்டே சிறு நீர்ச்சக்கரங்களை இயக்கி மின்சாரம் பெற்றன. மலைநாட்டில் நூற்றுக்கணக்கில் இருந்த இந்நிலையங்கள் பின்னர் கைவிடப்பட்டன. தொழிற்சாலையில் இயந்திரம் சுழன்றது. அதே அருவிக்கரையின் லயத்திற் குப்பி விளக்கு எரிந்தது. நீர் ஒன்றுதான், உடைமைதான் வேறு. மாறாக, 1990களில் நாட்டின் பல சிங்களக் கிராமங்களில் மக்கள் மின் பாவனையாளர் சங்கம் அமைத்து, சிரமதானமாக வாய்க்கால் வெட்டி, ஓடையிற் சில கிலோவாட் மின்சாரம் பெற்றுத் தாமே பகிர்ந்துகொண்டனர். வலையமைப்பு வந்ததும் அவற்றுட் பல நின்றுபோயின என்பது உண்மையே. எனினும், சாதாரண மக்கள் மின்சாரத்தைத் தாமே உற்பத்தி செய்து நிருவகிக்க வல்லவர் என்பதை அவை நிரூபித்தன. அக்கிராமத்தவருக்கு ஓடையின் மேல் ஒரு பாத்தியம் இருந்தது. தோட்டத்து ஓடையோ குத்தகை நிலத்தினுள் ஓடுவது.

முற்போக்கு அணியைச் சேர்ந்த சில நண்பர்கள், ‘முதலில் நாட்சம்பளம் உயரட்டும், மலிவான மின்சாரம் வரட்டும்; காற்றையும் புகையையும் பிறகு பார்ப்போம்’ என்பர். அவர்களது கவலை நமக்கும் உண்டு. ஆனால் நிலக்கரி மலிவு என்பது டொலர் உள்ளவன் கணக்கு. 2022இல் டொலர் தீர்ந்தபோது எரிபொருளும் தீர்ந்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் நாடு இருளில் மூழ்கியது. இறக்குமதிச் சக்தியை நம்பிய பொருளாதாரம் வீழும்போது அதன் முழுப்பாரமும் அரிசி விலையாகவும் மா விலையாகவும் தொழிலாளியின் தலையிலேயே இறங்குகின்றது. எனவே கூலிப் போராட்டமும் நிலக்கரி எதிர்ப்புப் போராட்டமும் பகைப்பன அல்ல. ஒன்றன் வெற்றி மற்றதற்கு உரம்.

ஆகவே ஊவாவில் நிலக்கரிக்கு எதிரான இயக்கம் வேரூன்ற வேண்டுமாயின் அதன் கோரிக்கைப் பத்திரம் திருத்தி எழுதப்பட வேண்டும். லயத்தவருக்கு வீடும் காணி உறுதியும் என்பது அதன் முதல் வரியாக அமைதல் வேண்டும். சரியும் மலையிலிருந்து மக்களைப் பாதுகாப்பான நிலத்துக்கு மாற்றுவது அதனுடன் இணைய வேண்டும். தொழிற்சாலைகளின் அகன்ற கூரைகளில் எழும் சூரிய மின்சாரத்தின் வருவாயில் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பங்கு கோர வேண்டும். மலையைக் குடையுமுன், நிலத்தை எடுக்குமுன், அங்கு வாழ்பவரின் சம்மதத்தை அவரவர் மொழியிற் பெற வேண்டும். தொழிற்சங்கங்கள் இவற்றைத் தம் கோரிக்கைகளோடு சேர்த்துப் பேச வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் உடனடியான வேலை உண்டு. ‘இயற்கையைக் காப்போம்’ என்ற தலைப்பிற் பொதுவான கட்டுரை எழுதுவிப்பதை விடுத்து, தம் தோட்டத்தில் எத்தனை பீலிகள் வற்றின, எந்த லயத்தின் பின்புறம் மண் வெடித்திருக்கின்றது, எத்தனை வீடுகளுக்கு உறுதி இல்லை என்று மாணவர் தாமே கேட்டு எழுதட்டும். ஒரு திட்ட அறிக்கை கருத்துக்கு வைக்கப்படும்போது அதைப் படித்து, எளிய தமிழிலும் சிங்களத்திலும் ஊர் மக்களுக்கு விளக்கும் சிறு குழுவொன்று ஒவ்வொரு பாடசாலையைச் சுற்றியும் உருவாகட்டும். சம்பூரிலும் முதலிற் பேசியவர்கள் சாதாரண மக்களே.

ஊவா மலைகளின் மேல் விழும் வெயிலை எவரும் குத்தகைக்கு எடுக்கவில்லை. அது விழும் கூரையைத்தான் எடுத்திருக்கிறார்கள். அக்கூரை அதன் கீழ் வாழ்பவளுக்கு உரியதாகும் நாளிலேயே, சூரியன் தரும் ஒளியை அவளும் ‘தூயது’ என்று சொல்வாள்.